பதினேழு பூனைகளும் ஒரு சாந்திக் கல்யாணமும்

காரைக்குடிக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

கணவர் காலமான பிறகு, முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடியும் பூர்வீக வீட்டில் அவர் மட்டும் இருக்கிறார். வீடு நான்கு பங்காளிகளுக்குப் பொது. மற்ற மூன்று புள்ளிகளும் (பங்காளிக் குடும்பங்களும்) சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர் என்று இருப்பதால் அவர்களுடைய அறைகள் பூட்டியே கிடக்கின்றன. இரண்டு பக்கத்து வீடுகளிலும் பூட்டுதான். மூன்று வருடத்துக்கு முன் மழைக்கு ஒதுங்கிய ஒரு கறுப்புப் பெட்டைப் பூனைக்கு இரக்கப்பட்டுப் பால்சோறு வைத்தார். இன்றைக்கு 17 பூனைகள். அவர் கணக்கில் பெரிய பெட்டை 6, கடுவன் 4, அரைவளர்ச்சிக் குட்டி 4, பால்குடிக் குட்டி 3. வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், இருக்கும் தூண்களில் கடுவன்கள் சிறுநீர் பீய்ச்சும் நாற்றம் தாங்கவில்லை, ராத்திரியெல்லாம் ஓட்டின் மேல் சண்டை. போன ஐப்பசியில் பூட்டியிருந்த ஓர் அறையைத் திறந்தபோது உள்ளே நான்கு குட்டிகள் செத்துக் காய்ந்து கிடந்தன.

வருகிற வைகாசியில் கொழுந்தனாருக்கு இந்த வீட்டில் அறுபதாம் கல்யாணச் சாந்தி. “அதற்குள் எல்லாவற்றையும் கோணியில் கட்டித் திருமயம் பக்கம் விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்” என்று அவர் போனில் சொல்லிவிட்டார். காவல்காரர் சென்ற வாரம் ஒன்றைப் பிடிக்கப் போய்க் கையில் கடி வாங்கியிருக்கிறார். சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் போட்டிருக்கிறார்கள். மகள் ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறாள், சித்திரையில் பிரசவத்துக்கு இங்கே வருகிறாள். ஆசிரியையின் கேள்விகள் இவை: கருத்தடை பாவமில்லையா, ஒரு தடவையாவது குட்டி போட விட வேண்டாமா? மருந்துக் கடை மாத்திரையைச் சோற்றில் கலந்து கொடுத்தால் போதாதா? சோற்றை நிறுத்தினால் தானாகப் போய்விடாதா? கொழுந்தனார் சொல்வதைச் சட்டம் ஏற்குமா? பூனை முடி வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்குமா? ஆபரேஷன் செய்த பூனை எலி பிடிக்குமா? செய்வதானால், ஓய்வூதியத்தில் மாதத்துக்கு ஒரு பூனை என்று செய்யலாமா?

ஆச்சிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் பூனைகளுக்கு மூன்றரைப் பக்கம், காவல்காரரின் கைக்கு ஒரே வரி. நான் அந்த ஒரு வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். நான் கால்நடை மருத்துவன், மனிதருக்கு வைத்தியம் பார்ப்பவன் இல்லை. ஆனாலும் வெறிநோய் விஷயத்தில் எங்கள் இரு தரப்புக்கும் ஒரே பாடம்தான். இதைப் படித்த உடனே அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ அனுப்புங்கள். வெறிநோய் நாயால் மட்டும் வருவதில்லை. நோய் கண்ட பூனை கடித்தாலும் பிறாண்டினாலும் வரும். வந்துவிட்டால் பிழைக்க வைக்க மருந்து கிடையாது. கடித்தது எந்தப் பூனை என்று அவருக்கே தெரியவில்லை என்கிறீர்கள். அப்படியானால் பூனையைப் பத்து நாள் கவனித்துப் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு வாரம் ஓடிவிட்டதே என்று விட்டுவிடவும் கூடாது. தாமதமானாலும் ஊசி போட்டே ஆக வேண்டும், அரசு மருத்துவமனையில் அது இலவசம். ரத்தம் வந்த கடி என்பதை அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் (உடனடியாக எதிர்ப்புச் சக்தி தரும் மருந்து) ஊசியும் தேவையா என்று அதை வைத்துத்தான் மருத்துவர் முடிவு செய்வார். இனி யாரைக் கடித்தாலும் முதல் வேலை, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவது. சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். அவை புண்ணைக் கிளறுமே தவிரக் கிருமியைக் கொல்லாது.

அவர் ஊசி போட்டுக்கொண்டு வந்த பிறகு பூனைக்கு வரலாம்.

கோணியில் கட்டினால் என்ன ஆகும்?

கொழுந்தனார் மேல் எனக்குக் கோபம் இல்லை. வருடத்தில் நாலு நாள் வந்து போகிறவர் கண்ணுக்கு நாற்றமும் மயிரும்தான் தெரியும். ஆனால் அவர் சொன்ன வழி சட்டப்படியும் தப்பு, பலனும் தராது.

பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. பசியாலும் தாகத்தாலும் துன்பப்படும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது அதன் 11-ஆம் பிரிவில் குற்றம். மூச்சு முட்டக் கோணியில் அடைத்துக் கொண்டுபோவதும் அதே பிரிவுக்குள் வரும். அந்தச் சட்டத்தின் அபராதம் இன்னமும் ஐம்பது ரூபாய்க் கணக்கில்தான் இருக்கிறது. அதைக் காட்டி யாராவது சிரித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவைச் சொல்லுங்கள். 2024 ஜூலை முதல் அமலில் இருக்கிறது. எந்தப் பிராணியானாலும் விஷம் வைத்தோ வேறு விதமாகவோ கொன்றால், ஊனமாக்கினால், ஐந்து வருடம் வரை சிறைத் தண்டனைக்கு அதில் வழியுண்டு. இதை எழுதுவது உங்கள் குடும்பத்தை மிரட்ட இல்லை. சாந்தி வீட்டு அவசரத்தில், ‘மருந்து வைத்துவிடலாமே’ என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். அந்தப் பேச்சு எழும்போது கையில் ஒரு பதில் இருக்கட்டும் என்றுதான்.

பலன் இல்லை என்றேனே, அதற்குக் காரணம் உங்கள் வீடுதான். பூட்டிய அறைகள், பரண், மூன்றாங்கட்டில் (வீட்டின் மூன்றாம் பகுதியில்) விறகுக் கொட்டடி, ஆள் நடமாட்டமில்லாத இரண்டு பக்கத்து வீடுகள் என்று ஒரு பூனை கேட்பதெல்லாம் அங்கே இருக்கிறது. 17-ஐயும் அப்புறப்படுத்தினால் இடமும் இரையும் அப்படியே காலியாக நிற்கும். அடுத்த தெருப் பூனைகள் ஓட்டின் மேலேயே நடந்து வந்துவிடும். அவற்றுக்கு உங்களைத் தெரியாது, உங்களுக்கும் அவற்றைத் தெரியாது. திருமயத்துக்குப் போனவற்றில் சில திரும்பி வரப் பார்த்துச் சாலையில் அடிபடும், மற்றவை அங்குள்ள கடுவன்களிடம் சிக்கும். பால்குடிக் குட்டி மூன்றும் தாயில்லாமல் உங்கள் வீட்டுக்குள்ளேயே சாகும். ஐப்பசியில் பார்த்ததை இன்னொரு தடவை, அதுவும் சாந்திக்கு முந்தின வாரம், பார்க்க வேண்டியிருக்கும்.

சோற்றை நிறுத்துகிற யோசனையும் அப்படித்தான். பட்டினி போட்டால் பூனை ஊரைவிட்டுப் போகாது. அடுப்படிக்குள் நுழையும், அண்டை வீட்டுக் கோழிக்குஞ்சைத் தூக்கும், எலும்பும் தோலுமாகி அங்கேயே குட்டியும் போடும். இன்னொன்றும் இருக்கிறது. இத்தனை பூனைகளும் தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வருவது உங்கள் தட்டுச் சத்தத்துக்குத்தான். அந்தப் பழக்கம் ஒன்றை வைத்துத்தான் அவற்றைப் பிடிக்க முடியும். அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பால்சோற்றை மட்டும் மாற்றுங்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிற்றால் போகும். உப்பில்லாமல் வேகவைத்த மீனோ கோழிக் கழிவோ கலந்த சோறு, பக்கத்தில் நல்ல தண்ணீர், அது போதும்.

மாதத்துக்கு ஒன்று வேண்டாம்

இந்தப் பதிலில் நீங்கள் ஒன்றே ஒன்றை ஏற்றுக்கொள்வதாக இருந்தால் இதை ஏற்றுக்கொள்ளுங்கள். கருத்தடை செய்வதானால் பெட்டைகள் எல்லாவற்றுக்கும் ஒரு மாதத்துக்குள் செய்ய வேண்டும்.

ஏன் என்று கணக்கிலேயே பார்க்கலாம். பூனைக்குச் சினைக்காலம் 63 முதல் 65 நாள். குளிர் நாடுகளில் பகல் குறையும் மாதங்களில் பருவத்துக்கு வராமல் ஓய்வெடுக்கும். நம் பக்கத்துப் பகல் வெளிச்சத்துக்கு அந்த ஓய்வு கிடையாது, வருடம் முழுக்கக் குட்டி போடும். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகவும் செய்யும். ஒரு பெட்டை வருடத்துக்கு இரண்டு ஈற்று, ஈற்றுக்கு மூன்று குட்டி என்று குறைத்தே போட்டாலும் உங்கள் ஆறு பெட்டைகளுக்கு 36 குட்டிகள். மாதம் ஒன்றாகச் செய்து ஆறாவதை முடிக்கும்போது, முதல் மாதம் விட்டுவைத்தவை ஈன்ற குட்டிகள் பருவத்தை நெருங்கிக்கொண்டிருக்கும். காசும் செலவாகி எண்ணிக்கையும் குறையாமல், “ஆபரேஷன் செய்து பார்த்தோம், ஒன்றும் பிரயோசனமில்லை” என்று சலித்துப்போன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் செய்தது தப்பில்லை, பாதியில் நிறுத்தியதுதான் தப்பு.

உங்கள் கணக்கில் ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். அரைவளர்ச்சிக் குட்டி நான்கையும் குழந்தைகள் பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். பூனை நாலு மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் பருவத்துக்கு வந்துவிடும். அந்த நான்கில் பெட்டை எத்தனை என்று பார்த்து அவற்றையும் முதல் பட்டியலில் சேருங்கள். நாலு மாதம் ஆகி, இரண்டு கிலோ எடையும் இருந்தால் ஆபரேஷனைத் தாங்கும்.

முதலில் ஒரு வாரம் சோறு வைக்கும்போது ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து, நிறம், அடையாளம், வயிறு தெரிகிறதா, மடி தொங்குகிறதா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆசிரியைக்கு வருகைப் பதிவேடு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 17 என்பது 20 ஆகவும் வாய்ப்புண்டு. கூச்ச சுபாவமுள்ளவை மற்றவை தின்றுவிட்டுப் போனபிறகுதான் வரும்.

கடுவன்களை விட்டுவிடலாமா என்றால், காசு குறைவாக இருந்தால் அவற்றைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். மூன்று கடுவனுக்குச் செய்து ஒன்றை விட்டாலும் அந்த ஒன்றே எல்லாப் பெட்டைக்கும் போதும். அதனால் எண்ணிக்கையைக் குறைப்பது பெட்டைகளின் ஆபரேஷன்தான். ஆனால் உங்களைப் பாடாய்ப் படுத்தும் தூண் நாற்றமும் ராச்சண்டையும் கடுவன் வேலை. ஆபரேஷனுக்குப் பிறகு பெரும்பாலான கடுவன்களிடம் இரண்டும் சில வாரங்களில் அடங்கும். வைகாசிக்குள் வீடு மணக்க வேண்டுமானால் பங்குனிக்குள் அவற்றையும் முடித்துவிடுங்கள்.

செலவு விஷயம். தனியாரிடம் பெட்டைக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும், கடுவனுக்கு அதைவிடக் குறைவு. கால்நடைப் பன்முக மருத்துவமனையிலும், ஒரத்தநாட்டில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் செலவு வெகுவாகக் குறையும். எந்தக் கிழமை அறுவை சிகிச்சை, ஒரு நாளைக்கு எத்தனை பூனை எடுப்பார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். ஊர் மருந்தகங்கள் எல்லாவற்றிலும் பூனைக்கு மயக்கம் கொடுத்துச் செய்ய வசதி இருக்காது. 2023-இல் வந்த பிராணிகள் கருத்தடை விதிகள் பெரும்பாலும் தெருநாய்களை மனதில் வைத்து எழுதியவை. அதனால் மாநகராட்சி வண்டி வந்து பூனை பிடிக்கும் என்று காத்திருந்தால் வைகாசி வந்துவிடும். எதுவானாலும் உங்கள் ஓய்வூதியத்திலிருந்து இது போக வேண்டியதே இல்லை. மழைக்கு முன் ஓடு மாற்றுகிற செலவை நான்கு புள்ளிகளும் பிரித்துக்கொள்வது போல இதையும் பொதுச் செலவில் எழுதுங்கள். சாந்திக்கு ஆகப்போகும் பந்தல் செலவுக்கு முன்னால் இது தூசு.

பாவம், மாத்திரை, ஒரு தடவைக் குட்டி

பாவ புண்ணியம் என் படிப்பில் இல்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். தெருவிலும் பூட்டிய வீட்டிலும் பிறக்கும் குட்டிகளில் பாதிக்கு மேல் வளராமலேயே போவது சாதாரணம். சளி, பேதி, கடுவன் கடி, வண்டிச் சக்கரம், பூட்டிக்கொண்ட கதவு என்று காரணங்களுக்குப் பஞ்சமில்லை. நீங்கள் தடுக்கப்போவது பெரும்பாலும் அந்தச் சாவுகளைத்தான். ஒரு தடவை குட்டி போட்டால்தான் பெட்டைக்கு நல்லது என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரம் கிடையாது. மாறாக, ஆறு மாதத்துக்குள் செய்துவிட்டால் பிற்காலத்தில் மடியில் புற்றுக்கட்டி வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது.

மனதுக்குக் கஷ்டமான ஒன்று இருக்கிறது, மறைக்காமல் சொல்கிறேன். ஆறில் ஒன்றிரண்டாவது இப்போது சினையாக இருக்கும். சினைப் பூனைக்கும் ஆபரேஷன் செய்யலாம், மருத்துவ ரீதியில் தடையில்லை. கர்ப்பப்பையோடு சினையும் போய்விடும். சில வீடுகளில் அதற்குச் சம்மதிப்பார்கள், சில வீடுகளில் முடியவே முடியாது என்பார்கள். இரண்டையும் நான் குறை சொல்ல மாட்டேன். உங்களுக்கு ஒப்பவில்லை என்றால் அந்தப் பூனையை ஓர் அறையில் வைத்து ஈன விட்டு, குட்டிகள் தானாகத் தின்னத் தொடங்கிய பிறகு, அதாவது ஆறு முதல் எட்டு வாரத்தில், தாய்க்குச் செய்துவிடலாம். ஆனால் ஈன்ற பிறகு அது அறையைவிட்டு வெளியே போய்க் கடுவனிடம் சேராமல் பார்க்க வேண்டும். முடியுமா என்று யோசித்துச் சொல்லுங்கள். டாக்டரிடமும் உங்கள் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் மேசையில் வைத்துக்கொண்டு போன் பேசுவது யாருக்கும் நல்லதில்லை.

மாத்திரை வேண்டவே வேண்டாம். அவை ஹார்மோன் மருந்துகள். சோற்றில் கலந்தால் வலுத்த கடுவன் மூன்று பங்கைத் தின்னும், கூச்சப்படும் பெட்டைக்கு ஒன்றும் கிடைக்காது. தொடர்ந்து உள்ளே போனால் கர்ப்பப்பையில் சீழ் கட்டும், மடியில் கட்டி வரும், சர்க்கரை நோயும் வரலாம். இதையும் சேர்த்துக் கேளுங்கள்: ஆபரேஷன் ஆன பூனைக்கு வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். மனிதருக்குச் சாதாரணமான அந்த மாத்திரை ஒன்றே பூனையைக் கொன்றுவிடும்.

பிடிப்பதும் விடுவதும்

கையால் பிடிக்கிற வேலை வேண்டாம், கோணியும் வேண்டாம். கூண்டுதான். காரைக்குடியில் எந்த வெல்டிங் பட்டறையிலும் சொன்னால் செய்து கொடுப்பார்கள். இரண்டரை அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம், சின்னக் கண்ணி கம்பி வலை, பின்பக்கம் மிதிபலகை, மிதித்தால் விழும் கதவு. மூன்று கூண்டு இருந்தால் வேலை ஓடும்.

முதல் நாலைந்து நாள் பிடிக்கவே கூடாது. கதவை மேலே தூக்கிக் கயிற்றால் கட்டிவிட்டு, சோற்றைக் கூண்டுக்குள்ளேயே வையுங்கள். முதலில் வாசலில், அப்புறம் நடுவில், கடைசியில் மிதிபலகைக்குப் பின்னால். பயமில்லாமல் உள்ளே போய்த் தின்று வெளியே வரப் பழகியதும் ஒரு சாயங்காலம் சோற்றை நிறுத்தி, மறுநாள் விடியற்காலையில் கயிற்றை அவிழ்த்து உள்ளே வறுத்த நெத்திலியோ கருவாடோ வையுங்கள். வயிறு காலியாக இருப்பது மயக்க மருந்துக்கும் தேவை, தண்ணீரை மட்டும் நிறுத்த வேண்டாம். கதவு விழுந்த நிமிடமே கூண்டின் மேல் பழைய வேட்டியைப் போட்டு மூடுங்கள். கம்பியில் முட்டி மோதிக்கொண்டிருந்த பூனை இருட்டானதும் அடங்கிவிடும். பங்குனி வெயிலில் முற்றத்தில் கூண்டை வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போகாதீர்கள், வளவு நிழலுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

மடி தொங்கி, காம்பைச் சுற்றி மயிர் நனைந்து ஒட்டியிருந்தால் அது பால் கொடுக்கும் தாய். குட்டி எங்கே என்று தெரியாமல் அதைக் கொண்டுபோகக் கூடாது. குட்டிகள் தெரிந்த இடத்தில், நாலைந்து வாரம் தாண்டி இருந்தால் காலையில் கொண்டுபோய், மயக்கம் நன்றாகத் தெளிந்ததும் சீக்கிரம் திருப்பிக் கொண்டுவந்து விடலாம். ஆபரேஷனால் பால் நின்றுவிடாது.

உங்கள் வீட்டுப் பரணில் பூனை மட்டும் இருக்காது. பூட்டிக்கிடக்கும் செட்டிநாட்டு வீடுகளில் மரநாய் குடியிருப்பது சகஜம். கருவாட்டு வாசனைக்கு அதுவும் கூண்டுக்குள் வரும். அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிற பிராணி. கதவைத் தூக்கிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள், அது தன் வழியைப் பார்த்துப் போய்விடும்.

மயக்கத்தில் இருக்கும்போதே இடது காதின் நுனியை ஒரு சென்டிமீட்டருக்கு நேராக வெட்டி விடச் சொல்லுங்கள். கேட்கக் கொடுமையாக இருக்கும், ஆனால் வலி தெரியாது, ரத்தமும் சொட்டு அளவுதான். கறுப்புப் பூனை மூன்று இருக்கும் வீட்டில் எதற்கு ஆயிற்று, எதற்கு ஆகவில்லை என்று ஓட்டின் மேல் நிற்கும்போதே தெரிய வேறு வழியில்லை. இல்லாவிட்டால் ஆபரேஷன் ஆன பூனையே மறுபடி கூண்டில் மாட்டி, மறுபடி மயக்க மருந்து வாங்கும். அதே நேரத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டுவிடலாம். தோலுக்குள் மறைவாக, தானாகக் கரையும் தையல் போடச் சொல்லுங்கள், தையல் பிரிக்க இரண்டாவது முறை பிடிக்க முடியாது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கண் திறந்தபடியே அசையாமல் கிடப்பதைப் பார்த்துப் பதறாதீர்கள். சில மயக்க மருந்துகளில் பூனைக்குக் கண் மூடாது. குளிர்ந்த தரையில் வைக்காமல், அடியில் கோணியோ பழைய துணியோ விரித்துக் கூண்டிலேயே வைத்திருங்கள். கடுவனை ஒரு நாளில் விடலாம், பெட்டையை இரண்டு மூன்று நாள் வைத்து, தின்கிறதா, தையல் உலர்ந்திருக்கிறதா என்று பார்த்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். அறையை ஃபீனாயில் போட்டுக் கழுவாதீர்கள். காலில் ஒட்டியதை நக்கினால் பூனைக்கு விஷம்.

பால்குடிக் குட்டி மூன்றுக்கும் இப்போதே வீடு பாருங்கள். எட்டு வாரத்துக்குள் மனிதர் கையில் பழகிய குட்டி வீட்டுப் பூனையாகிவிடும். தாண்டிவிட்டால் கஷ்டம். எலித் தொல்லை உள்ள அரிசிக்கடை, மளிகைக்கடை, மர டிப்போக்காரர்கள் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். கொடுக்கும்போதே, ஐந்தாம் மாதம் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். எலி பிடிப்பது கருத்தடையால் குறையாது, அது கர்ப்பப்பையைக் கேட்டு வருகிற குணமில்லை. அணிலையும் புறாவையும் பிடிப்பதும் நிற்காது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

மகள் வரும்போது

பூனை முடி வயிற்றில் போய்ப் பிள்ளையைப் பாதிக்கும் என்பது ஊர் பூராவும் சொல்லும் பேச்சு, உண்மையில்லை. பூனையின் எச்சில், தோல் துகளால் சிலருக்குத் தும்மலும் இழுப்பும் வரும், அது வேறு விஷயம். கர்ப்பிணிகள் கவனிக்க வேண்டியது டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி. நோய்த்தொற்று முதன்முதலாக வந்த பூனை ஓரிரு வாரம் மலத்தில் அதை வெளியேற்றும். வெளியே வந்த மலத்தில் அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். அதனால் தினமும் வேறு யாராவது பூனை மலத்தை அள்ளிவிட்டால் ஆபத்து பெரிதும் போய்விடும். மகள் அதை அள்ளக் கூடாது, தோட்டத்து மண்ணில் வெறுங்கையை வைக்கக் கூடாது. அதைவிட முக்கியமாக, இதே கிருமி சரியாக வேகாத கறியிலும் இருக்கும். ரத்தம் ஊறட்டும் என்று பிள்ளைத்தாய்ச்சிக்குச் சுவரொட்டியை (ஆட்டு மண்ணீரலை) லேசாக வாட்டிக் கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். கொடுங்கள், ஆனால் முழுக்க வேகவைத்துக் கொடுங்கள். கீரையும் வெள்ளரிக்காயும் நன்றாகக் கழுவியிருக்கட்டும்.

கொழுந்தனாரிடம் என்ன சொல்லலாம்?

“பூனை ஒன்றுகூட இருக்காது” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். வைகாசியில் 13, 14 பூனை இருக்கத்தான் செய்யும். புதுக் குட்டி இருக்காது, சண்டை குறைந்திருக்கும், நாற்றம் அடங்கியிருக்கும், எல்லாவற்றுக்கும் வெறிநோய் ஊசி போட்டிருக்கும். அதன்பின் வருடா வருடம் எண்ணிக்கை தானாக இறங்கும். புதிதாக வந்து சேரும் காது வெட்டாத பூனையைக் கண்டதும் பிடித்துவிட்டால் ஏறவே ஏறாது. சோறு வைக்கும் இடத்தை இன்றைக்கே இரண்டாங்கட்டிலிருந்து பின்தெரு வாசல் பக்கத் தோட்டத்துக்கு, நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்துங்கள். முன்கட்டில் மேளமும் கூட்டமும் இருக்கும்போது அவை பின்கட்டைத் தாண்டா.

தூண்களையும் தரையையும் கழுவ ஆள் வருவார் என்றால் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள். ஆசிட், வினிகர், எலுமிச்சை எதையும் ஆத்தங்குடிக் கல்லிலும் முட்டை வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சிலும் ஊற்றக் கூடாது. நாற்றம் போவதற்கு முன் பளபளப்பு போய்விடும். மிதமான சோப்புத் தண்ணீர், அப்புறம் செல்லப்பிராணிக் கடையில் விற்கும் என்ஸைம் திரவம் போதும். வாங்கியதும் ஓர் ஓரத்தில் தடவிப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

கடைசியாக, அந்தப் பூட்டிய அறைகள். பங்காளிகள் சாந்திக்கு வந்து இரண்டு நாள் திறந்து வைத்து, சாமானை எடுத்து வைத்துப் பூட்டிவிட்டுக் கிளம்புவார்கள். ஐப்பசிக் குட்டிகள் மாட்டிக்கொண்டது அப்படித்தான் இருக்க வேண்டும். அவர்கள் கிளம்புகிற அன்று நோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் அறையிலும் கட்டிலுக்கு அடியில், பரண் மேல், பெட்டகத்துக்குப் பின்னால் பார்த்த பிறகுதான் சாவி போட வேண்டும் என்று முன்னாலேயே சொல்லி வையுங்கள். மறுநாள் காலையில் சோறு வைக்கும்போது தலை எண்ணுங்கள், ஒன்று குறைந்தால் அன்றைக்கே கதவைத் திறந்து பாருங்கள். ஒவ்வோர் அறைக்கும் ஒரு சாவி உங்கள் கையில் இருக்க வேண்டும், அதை இப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.